அம்மச்சிப் பிலாவும் சாரணர் சின்னமும்

நெய்யாற்றின்கரை ஸ்ரீகிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் பழைய பிலாமரம் ஒன்றின் அடிமரம் காக்கப்பட்டு வருகிறது. தழையும் கிளையும் போய்விட்டன. ஓர் ஆள் ஒடுங்கி நிற்கத்தக்க பொந்து மட்டும் எஞ்சியிருக்கிறது. அம்மச்சிப் பிலா என்பது அதன் பெயர். 1729 முதல் 1758 வரை திருவிதாங்கூரை ஆண்ட மார்த்தாண்டவர்மர், பட்டம் ஏறுவதற்கு முன், எட்டுவீட்டுப் பிள்ளைமாரின் ஆட்கள் துரத்தி வந்த வேளையில், சிறுவன் ஒருவன் சொன்ன சொல்லைக் கேட்டு இந்தப் பொந்தில் ஒளிந்து உயிர் பிழைத்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. அச்சிறுவன் கண்ணபிரானே என்று கருதி அவர் பின்னர் அங்கே கோயில் எழுப்பினார் என்றும் சொல்லுவர்.

பாறசாலைப் பக்கத்துப் பிள்ளைகள் இக்கதையைக் கேட்டால் முதலில் கேட்கும் கேள்வி வரலாற்றுக் கேள்வி அன்று. "உள்ளே நுழைந்து பார்க்கலாமா?" என்பதே. பெரியவர்களாகிய நாம் இக்கேள்வியைச் சிரித்து ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் முன்னோர் நின்ற இடத்தில் நின்று, அவர் செய்ததைத் தானும் செய்து பார்க்க வேண்டும் என்னும் ஆவல் எளிதில் கிடைக்கும் பொருள் அன்று. அந்த ஆவலைப் பள்ளியின் சாரணர் பயிற்சியோடு இணைக்க முடியுமா என்பதைப் பற்றியே இன்று பேச முற்படுகிறோம்.

இப்போது இரண்டும் தனித்தனியே வாடுகின்றன. பள்ளி ஆண்டுவிழாவில் பழங்காலம் என்றால் அட்டைக் கிரீடம், வாடகைக்கு எடுத்த வெல்வெட்டுச் சட்டை, தகரத் தாள் ஒட்டிய வாள். ஒரு பையன் அரசன், இருவர் மந்திரிகள். ஏனையோர் கீழே அமர்ந்து கைதட்டுவர். மறுபுறம், சாரணர் வகுப்பில் ஒரு பையன் நாற்காலிக் காலில் முடிச்சுப் போட்டுக் காட்டுகிறான். ஆசிரியர் குறிப்பேட்டில் கையெழுத்து இடுகிறார். அடுத்த வாரம் அந்த முடிச்சு மறந்துபோகிறது. ஏன் கட்டினோம் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தால் அல்லவா நினைவில் நிற்கும்?

இந்த இணைப்பு நாம் புதிதாகக் கண்டுபிடித்தது அன்று. சாரணர் இயக்கம் பிறந்தபோதே அதன் இரத்தத்தில் இது இருந்தது. பேடன் பவல் 1907ஆம் ஆண்டு பிரவுன்சீ தீவில் சிறுவர்களை வைத்து முதல் பாசறை நடத்தினார். மறு ஆண்டு அவர் எழுதி வெளியிட்ட நூலில், இடைக்கால ஐரோப்பாவின் குதிரை வீரர்களைப் பற்றி விரிவாகப் பேசுகிறார். எளியோரைக் காப்பது, சொன்ன சொல் தவறாதது, நாள்தோறும் ஒரு நற்செயல் புரிவது ஆகியவற்றை அவ்வீரர்களின் மரபாகவே அவர் சிறுவர்கள் முன் வைத்தார். இயக்கத்தின் காவல் தெய்வமாகப் புனித ஜார்ஜைத் தேர்ந்ததும் அக்கருத்தினாலேதான். வயதில் மூத்த ரோவர் சாரணர்கள் உறுதிமொழி ஏற்பதற்கு முன் விழித்திருந்து தம்மைத் தாமே ஆராய்ந்து கொள்ளும் வழக்கம், அக்கால வீரர் பட்டம் பெறுமுன் நோற்ற இரவு நோன்பிலிருந்து வந்தது.

பழங்காலத்தை வாழ்ந்து பார்ப்பதையே முழுநேரப் பொழுதுபோக்காகக் கொண்ட கழகங்களும் மேலைநாடுகளில் உண்டு. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் 1966இல் தொடங்கிய ஒரு கழகத்தார் அக்கால உடையைத் தாமே தைத்து, அக்கால உணவைத் தாமே சமைத்து உண்கின்றனர். வாட்போரும் புரிகின்றனர், ஆனால் அவர்களுடைய வாள் பிரம்பினால் ஆனது. பிரம்பு எங்கிருந்து போயிற்று என்று நாம் கேட்கவேண்டியது இல்லை. நம் ஆசான்மாரின் களரிகளில் அது நெடுங்காலமாக இருக்கிறது.

இந்தியாவில் பேடன் பவலின் குதிரை வீரரை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்பதை முன்னோடிகள் அப்போதே உணர்ந்தனர். இந்தியச் சிறுவர்களைச் சாரணர் படையில் சேர்க்கத் தயங்கிய காலம் அது. அன்னி பெசன்ட் அம்மையார் சென்னையில் இந்தியச் சாரணர் சங்கத்தைத் தொடங்கினார். அச்சிறுவர்கள் தலைப்பாகை கட்டினர். வடக்கே மதன்மோகன் மாளவியா முதலியோர் சேவா சமிதியின் சார்பில் ஓர் இயக்கத்தை வளர்த்தனர். பற்பல கிளைகளாக இருந்தவை 1950 நவம்பர் 7ஆம் நாள் பாரத சாரண சாரணியர் இயக்கமாக ஒன்றாயின. தலைப்பாகை மாறியது சரி. கதைகள் மாறினவா? அங்கேதான் நமக்கு வேலை மிச்சம் இருக்கிறது.

ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்வோம். எந்தச் சின்னத்துக்கு எந்தத் தேர்வு என்பதை வகுப்பது இயக்கத்தின் உரிமை. கிராமப் பள்ளி ஆசிரியர் புதுச் சின்னம் படைக்க இயலாது. ஆனால் பிரவேசம், பிரதம சோபான், துவிதீய சோபான் என்னும் படிகளில் கேட்கப்படும் முடிச்சு, கட்டு, முதலுதவி, வழியறிதல், சமையல், தொலைவு மதிப்பிடுதல் ஆகியவற்றை எந்தச் சூழலில் செய்து காட்டுவது என்பது ஆசிரியர் கையில் இருக்கிறது. நாற்காலிக் காலில் செய்வதை நெய்யாற்றங்கரையில் செய்யலாம் என்பதே நம் கருத்து.

நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே ஏறத்தாழ 10 கிலோமீட்டர். பத்மநாபபுரத்துக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையே பழைய காலத்தில் அரசரும் தூதரும் போய்வந்த பாதை இப்பக்கமாகவே சென்றது. ஓர் அணி தப்பிச் செல்லும் இளவரசரின் கூட்டம். இன்னோர் அணி துரத்துவோர். முன்னவர் கல்லாலும் ஒடித்த கிளையாலும் தரையில் வழிக்குறி இட்டுச் செல்வர். அக்குறிகள் நண்பர்க்குப் புரியவேண்டும், பகைவர் கண்ணில் படலாகாது. சுவடு பார்த்தல், திசை அறிதல், படம் வரைதல் ஆகிய மூன்றும் இந்த ஒரு நடையிலே அடங்கிவிடும். நெடுஞ்சாலையை விட்டுவிட்டு வயல் வரப்பும் தோட்டத்து ஒழுங்கையுமாகப் பாதையை அமைத்துக்கொள்ள வேண்டும்; இளவரசரின் காலத்தில் லாரிகள் இல்லை.

நடுவே ஆறு வருகிறது. அகலம் எவ்வளவு? நீந்தலாமா, தெப்பம் வேண்டுமா? இறங்காமலே அளக்கும் முறை ஒன்று உண்டு. எதிர்க்கரையில் நீரோரத்துத் தென்னை ஒன்றைக் குறித்துக்கொள். அதற்கு நேர் எதிரே இக்கரையில் நில். அங்கிருந்து கரையோரமாக 60 அடி எடுத்துவைத்து நடந்து ஒரு குச்சி நடு. அதே நேர்கோட்டில் இன்னும் 30 அடி நட. அங்கே திரும்பி, ஆற்றுக்கு முதுகு காட்டிக் கரையை விட்டு நேரே விலகிச் செல். குச்சியும் தென்னையும் ஒரே கோட்டில் தெரியும் இடம் வந்ததும் நில். விலகிச் சென்ற தொலைவின் இரு மடங்கே ஆற்றின் அகலம். வடிவியல் புத்தகத்தில் முக்கோணங்களைக் கண்டு நடுங்கும் பையன்கூட, பின்னால் பகைவர் வருகிறார்கள் என்றால் இதை விரைவில் கற்றுவிடுவான்.

முடிச்சுகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த எல்லைக் கிராமங்களில் முடிச்சுக்கு ஆசான் யார்? கயிறு திரிக்கும் கடற்கரையாரும், பனையேறும் தொழிலாளருமே. பனையேறுவோர் காலில் மாட்டும் தளைநார் ஒரு சிறு வளையந்தான். அதை நம்பித்தான் ஒருவர் காலையும் மாலையும் உச்சிக்குப் போய் அக்கானி இறக்கிக் கொண்டு வருகிறார். இடுப்பில் பெட்டி தொங்கும் கட்டும், பாளையைச் சேர்த்து இறுக்கும் கட்டும், அவிழவேண்டிய வேளையில் அவிழ்ந்து அவிழக்கூடாத வேளையில் அவிழாத கட்டுகள். சாரணர் கையேட்டில் அவற்றுக்கு வேறு பெயர் இருக்கலாம், வேலை ஒன்றே. பனையேறுவோர் தொகை இப்போது மிகவும் குறைந்துவிட்டது. எஞ்சியிருக்கும் முதியவர் ஒருவரை வணங்கி அழைத்து, சாரணர் வட்டத்தின் நடுவே அமர்த்தி, அவர் கையைப் பார்த்துப் பிள்ளைகள் கற்கட்டும். சி. வி. ராமன் பிள்ளை 1891இல் வெளியிட்ட 'மார்த்தாண்டவர்மா' நாவலிலும், இளவரசருக்கு உற்ற துணையாகும் அனந்தபத்மநாபன் திரிவது பனையேறும் குலத்துப் பித்தன் ஒருவனின் வேடத்தில்தான் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

கற்ற கட்டுகளைக் கொண்டு பொந்து ஒன்றையே அமைக்கலாம். கமுகந்தடிகளை நட்டு, குறுக்கே வாரிகளைச் சேர்த்துக் கயிற்றால் இறுக்கி, முடைந்த ஓலையால் மூடினால் பள்ளி மைதானத்திலேயே ஓர் அம்மச்சிப் பிலா எழும். உண்மை மரத்தை விட இது நல்லது என்றே எண்ணுகிறோம். ஏனெனில் அந்த மரம் கோயில் வளாகத்தில் நிற்கிறது. 1936 நவம்பர் 12ஆம் நாள் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வரும்வரை இந்தக் கிராமங்களில் பாதிப்பேர் கோயிலுக்குள் காலெடுத்து வைக்க முடியாது. இன்றும் சாரணர் படையில் பல சமயத்துப் பிள்ளைகள் இருப்பர். எல்லாரும் ஒருசேர எதுவரை செல்லலாம் என்பதை ஆசிரியர் முன்னரே விசாரித்து அறிந்த பிறகே பிள்ளைகளைக் கூட்டிச் செல்லவேண்டும். வாயிலில் சிலரை நிறுத்திவிட்டு வரலாறு கற்பிக்க முடியாது.

களரிப் பயிற்சியைச் சேர்க்கலாமா என்று சிலர் கேட்கக்கூடும். சேர்க்கலாம்; வாளை மட்டும் விலக்குவோம். தென்னாட்டு முறையில் பிள்ளைக்கு முதலில் வருவது ஆயுதம் அன்று, சுவடு. கால் எங்கே, உடல் எடை எங்கே, கண் எங்கே என்பதைப் பழகாமல் எந்த ஆசானும் கையில் கம்பு கொடுப்பதில்லை. சின்னத்துக்கு அந்தச் சுவடே போதும். இரண்டு நெடுவடிகளையும் ஒரு போர்வையையும் கொண்டு காயமுற்ற வீரனைத் தூக்கிச் செல்லும் தூளி செய்வது, தோர்த்தை மூன்று மூலையாக மடித்துக் கையைத் தாங்கும் கட்டுப் போடுவது ஆகியவை அந்தக் களத்திலேயே நடக்கட்டும். வர்மம் தெரிந்த வைத்தியர்கள் இப்பகுதியில் உண்டு என்பது உண்மையே. ஆயினும் எலும்பு முறிந்ததாகத் தோன்றினால் அசையாமல் கட்டி மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதே சாரணனின் கடமை. இந்த இடத்தில் பழங்கால வேடத்தைக் கழற்றிவிட வேண்டும்.

இனிச் சமையல். எல்லாவற்றிலும் பிள்ளைகளுக்கு வியப்பளிக்கப் போவது இதுதான். மார்த்தாண்டவர்மரின் படைவீரனுக்குச் சமைத்துப் போடு என்றால், நம் பிள்ளை தயங்காமல் மரச்சீனியும் மீன்கறியும் என்பான். மரச்சீனி தென்னமெரிக்கப் பயிர். அதை நம் ஊரில் பரப்பியவர் விசாகம் திருநாள் மகாராஜா. அவர் ஆண்டது 1880 முதல் 1885 வரை. ஆகவே மார்த்தாண்டவர்மரின் வீரன் இலையில் அது இடம்பெற நியாயம் இல்லை. இன்னும் முற்காலத்துக்குச் சென்றால் மிளகாயும் போய்விடும். அது போர்ச்சுகீசியர் வந்த பிறகு வந்தது. தக்காளியும் உருளைக்கிழங்கும் அவ்வாறே. அப்படியானால் எஞ்சுவது என்ன? கஞ்சி, சிறுபயறு, காய்ச்சில் கிழங்கு, வாழைக்காய், சக்கை, தேங்காய், உறைப்புக்கு மிளகு. மூன்று கல் கூட்டிய அடுப்பில் இரண்டே தீக்குச்சியில் நெருப்பு மூட்டி இதைச் சமைத்துக் கொடுத்தால் சமையல் தேர்வு முடிந்தது. பிலா இலையைக் கோட்டி ஈர்க்கினால் குத்திக் கரண்டியாக்கிக் கஞ்சி குடிக்கட்டும். நம்முடைய பரம்பரை உணவு என்று நாம் சத்தியம் செய்வதிலே பாதி நேற்று வந்தது என்பதை ஒரு பிள்ளை தன் நாவினாலேயே அறிந்துகொள்வான்.

இரவில் தீயைச் சுற்றி அமர்ந்து பாட ஏதேனும் வேண்டுமல்லவா? திருமலை நாயக்கர் காலத்து மதுரைப் படையை எதிர்த்துக் கணியாங்குளத்தில் வீழ்ந்த இரவிக்குட்டிப்பிள்ளையின் கதை இப்பகுதியில் வில்லுப்பாட்டாக வழங்குவது. அதன் தமிழும் எல்லைத் தமிழே. பாறசாலைப் பிள்ளைக்குப் பாதி மலையாளத்தால் விளங்கும், மீதி தமிழால் விளங்கும். 1956 நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் பிரிந்தபோது விளவங்கோடு அந்தப் பக்கமும் நெய்யாற்றின்கரை இந்தப் பக்கமுமாகப் போயின. களியக்காவிளைச் சந்தையும் வில்லின் ஓசையும் அந்தக் கோட்டைப் பெரிதாக மதிக்கவில்லை.

இதுவரை சொன்னது எளிய பகுதி. இனிச் சொல்வது அத்துணை எளிதன்று.

களியக்காவிளைக்குத் தெற்கே, முஞ்சிறைக்கு அருகில், பார்த்திவபுரம் என்னும் ஊர் இருக்கிறது. கி.பி. 866ஆம் ஆண்டை ஒட்டி ஆய் மன்னன் கருநந்தடக்கன் அங்கே ஒரு சாலை நிறுவினான். காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாகக் கொண்டு 95 மாணவர்க்கு இடம் வகுத்தான். அதற்குரிய செப்பேடு கிடைத்திருக்கிறது. சேரத் தகுதி யாது என்றும் அதில் கண்டிருக்கிறது: இலக்கணம் அறிந்திருக்க வேண்டும், புரோகிதம் அறிந்திருக்க வேண்டும், மூவேந்தர் நாட்டு நடவடிக்கைகளையும் கையாளத் தெரிந்திருக்க வேண்டும். வசைக்கும் அடிதடிக்கும் தண்டமும் விதித்திருந்தது. ஆயிரத்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன், நம் வீட்டிலிருந்து நடந்து போகக்கூடிய இடத்தில், ஒரு தகுதிப் பட்டியல்! சின்னமும் தேர்வும் ஏதோ ஆங்கிலேயன் கொண்டு வந்தவை என்று எண்ணுவோர்க்கு இதைக் காட்டலாம்.

காட்டும்போது முழுவதையும் காட்ட வேண்டும். அந்த 95 இடங்களும் வேதக் கிளைகளின்படி பகுக்கப்பட்டவை. உழுதவன் மகனுக்கோ பனையேறியவர் மகனுக்கோ அங்கே இடம் இல்லை, பெண்பிள்ளைக்கும் இல்லை. அக்கதவு நெடுங்காலம் மூடியே இருந்தது. நம் பாட்டிமாரின் பாட்டிமார் மார்பை மறைத்துத் துணி அணியும் உரிமைக்காக அடிபட்ட ஊர்கள் இவை. 1859இல்தான் அரசு அதற்கு இணங்கியது, அதுவும் நிபந்தனையோடு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இந்த நெய்யாற்றின்கரைத் தாலுகாவிலேயே, ஊரூட்டம்பலம் பள்ளிக்குப் பஞ்சமி என்னும் சிறுமியை அய்யன்காளி கைப்பிடித்து அழைத்துச் சென்றார். அவள் அமர்ந்த பள்ளியைத் தீயிட்டனர். அத்தீயில் எஞ்சியதென ஒரு பெஞ்சு அங்கே காக்கப்பட்டு வருகிறது. 2022இல் அப்பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயரும் சூட்டப்பட்டன.

ஆகவே நாம் பழங்காலத்தை நடிக்கும்போது அரசனாக யார் நிற்பது, வாயிலுக்கு வெளியே யார் நிற்பது என்னும் கேள்வி விளையாட்டுக் கேள்வி அன்று. சாரணன் எல்லார்க்கும் நண்பன், ஏனைய சாரணர்க்கு உடன்பிறந்தான் என்று சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டத்தைச் சொல்லி உறுதிமொழி எடுத்த பிள்ளைகளிடம், நிறமும் குலமும் பார்த்துக் கிரீடம் கொடுத்தால் அவர்கள் கண் பேசாமலிருக்குமா? ஆண்டுவிழா மேடைகளில் கிரீடம் எந்தத் தலைக்குப் போகிறது, தட்டு ஏந்தும் வேடம் யாருக்கு வருகிறது என்பதை நாம் அனைவரும் பார்த்தே இருக்கிறோம். ஆசிரியர் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை, எண்ணாமல் செய்கிறார்.

'அந்த வருத்தமான செய்திகள் குழந்தைகளுக்கு எதற்கு? வீரத்தை மட்டும் கற்பிக்கலாமே' என்று நல்லெண்ணத்தோடு சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் நமக்கு மரியாதை உண்டு. ஆனால் 10 வயதுப் பிள்ளை இச்செய்திகளை அறியாமல் இல்லை. வீட்டுத் திண்ணையில் கேட்டுக்கொண்டேதான் வளர்கிறது. பள்ளியில் நாம் வாயை மூடிக்கொண்டால், அது வெட்கப்பட வேண்டிய செய்தி போலும் என்று பாதிக்கப்பட்டவரின் பேரப்பிள்ளைதான் எண்ணிக்கொள்ளும்.

எனவே வேடங்களைச் சீட்டுப் போட்டு எடுப்பது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மண்பானை, அதில் அணியில் எத்தனை பேரோ அத்தனை சீட்டு. இளவரசன், தூதன், துரத்தும் வீரன், ஓடக்காரன், பனையேறி, கஞ்சி காய்ச்சும் அம்மை, சாலையின் மாணவன், சாலை வாயிலில் நிறுத்தப்பட்டவன். சாரணியரும் அதே பானையில் கைவிடட்டும். இளவரசன் சீட்டு ஒரு பெண்ணுக்கு வந்தால் வரட்டும். பகல் ஒருமுறை, பிற்பகல் ஒருமுறை எனச் சீட்டு மாறவேண்டும். காலையில் கிரீடம் வைத்த தலை மாலையில் வாயிலுக்கு வெளியே நின்று பார்க்கட்டும்.

அட்டைக் கிரீடம் வேண்டாம் என்பது நம் கட்சி; வைத்தே தீருவோம் என்றால் ஒன்று போதும். உடைக்கு முழங்கால் வரை ஒரு முண்டும் தோளில் தோர்த்தும் போதுமானவை. செலவு, கயிறும் அரிசியும் பயறுமே.

மாலையில் தேர்வு எழுதும் ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையிடமும் மூன்று கேள்வி கேட்கலாம். எந்த முடிச்சை எந்த வேலைக்குக் கட்டினாய்? ஆறு எத்தனை அடி அகலம்? இன்று உனக்கு வந்த சீட்டுக்குரியவர், அக்காலத்தில் இந்தப் பாதையில் எதுவரை நடக்க முடிந்திருக்கும்? முதல் இரண்டு கேள்விகளுக்குக் கையேட்டில் விடை உண்டு. மூன்றாவதற்குப் பிள்ளை வீட்டுக்குப் போய்ப் பாட்டியைக் கேட்டுவிட்டு மறுநாள் வந்து சொல்லலாம். கையெழுத்தை அதுவரை நிறுத்தி வைக்கலாம்.